காலையில் என்ன சாப்பிட்டீர்கள்

காலையில் இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டேன். தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். அக்கா அவசரத்தில் போட்டது.

நீங்கள் அதைக் கேட்கவில்லை என்று தெரியும், மேடம். ஆனால் எந்தப் பதிவையும் இப்படித்தான் தொடங்க வேண்டும். பேச வந்தவரிடம் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று முதலில் கேட்பது எங்கள் வேலையில் ஒரு பழக்கம். பதில் முக்கியமில்லை. அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பார்த்துக் கருவியைச் சரிசெய்துகொள்ளலாம். அவருக்கும் பயம் விட்டுப்போகும். சாப்பாட்டு விஷயத்தில் பொய் சொல்ல யாருக்கும் தேவை இருக்காது. உண்மையில் ஆரம்பித்தவர் கொஞ்ச தூரமாவது உண்மையிலேயே போவார்.

உங்கள் போனை மேஜையில் வெறுமனே வைக்காமல் ஒரு கைக்குட்டையை மடித்து அதன்மேல் வையுங்கள். இல்லாவிட்டால் மேஜையை யாராவது தட்டும்போது இடி விழுகிற மாதிரிப் பதிவாகும். உங்களுக்கு முன்னால் கேட்டவர் தட்டினார். நான் பேச்சை நிறுத்தியது கோபத்தில் இல்லை. சத்தம் போட்டால் எனக்கு வார்த்தை வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அக்காவைக் கேட்டால் சொல்வாள்.

பாட்டில் என்று நான் வாயைத் திறந்ததும் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. அந்தப் பாட்டிலில் என்ன இருந்தது? மருத்துவமனையில் டாக்டர் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்றும் சொன்னீர்கள். சொல்கிறேன். அதற்காகத்தான் யாரும் கூப்பிடாமல் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். ஆனால் ஒரு காகிதக் கட்டிலிருந்து ஒரே ஒரு தாளை உருவிக் காட்டினால் அது என்ன தாள் என்று யாருக்கும் புரியாது. முன்னால் இருந்ததும் பின்னால் இருந்ததும் சேர்ந்தால்தான் அதற்கு அர்த்தம். ஆகவே வரிசையாகச் சொல்கிறேன். இடையில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதனால் உங்களுக்குத்தான் நேரம் ஆகும்.

நான் படித்தது வேதியியல். பள்ளிக்கு நூற்றைம்பதாவது ஆண்டு வரப்போகிறது, பழைய காகிதங்களை ஒழுங்குபடுத்தவும் பழைய மாணவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்யவும் ஆள் வேண்டும் என்று பழைய மாணவர் சங்கம் தேடியது. நேர்முகத்தில், இதற்கு வேதியியல் எதற்கு என்று கேட்டார்கள். காகிதம் பழுப்பாவது ஒரு வேதிவினை என்றேன். அன்று நான் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். வேலை கிடைத்துவிட்டது.

வீட்டில் அன்று ஒரே சிரிப்பு. நான் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன்.

“நம்ம வீட்டு வாயில்லாப் பூச்சிக்கு அடுத்தவங்களைப் பேச வைக்கிற வேலையாம்,” என்று அக்கா அத்தானிடம் சொன்னாள்.

“அதுதான் சரி. கேக்கிறவங்க வாயை மூடிக்கிட்டு இருந்தாத்தானே சொல்றவங்களுக்கு வழி கிடைக்கும்,” என்றார் அத்தான்.

அத்தான் சொன்னதுதான் நடந்தது. நான் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வந்தவர்கள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போனார்கள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்ற கேள்விக்கே பேட்டரி தீரும்வரை பதில் சொன்னார். அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் மாலை மணி அடித்துவிட்டது. மறுநாள் மறுபடி வரச் சொன்னேன். மறுநாளும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்.

எனக்குக் கொடுத்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடியில், தாழ்வாரத்தின் கடைசியில், அந்தக் காலத்து அறிவியல் கூடத்தின் பொருள் வைக்கும் அறை. வடக்குப் பார்த்த ஜன்னல், வெயில் நேராக விழாது. மேலே தண்ணீர்த் தொட்டி இல்லை, பக்கத்தில் குழாய் இல்லை. காகிதத்துக்கு இதைவிட நல்ல அறை கட்ட முடியாது. கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரிகளில் பழுப்பு பாட்டில்கள் இருந்தன. பள்ளியின் முதல் அறிவியல் ஆசிரியர் வாங்கி அடுக்கியவை. அவருடைய சாய்ந்த கையெழுத்தில் லேபிள்கள், பலவற்றைப் பூச்சி தின்றிருந்தது. நான் அவற்றைத் தூக்கிப் போடவில்லை. எது எந்த வரிசையில் கிடைத்ததோ அதே வரிசையில் விட்டுவைப்பது எங்கள் விதி. ஒவ்வொன்றாக எடுத்து, தூசி துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

அந்த அறையில் நான் சந்தோஷமாக இருந்தேன், மேடம். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த குண்டூசிகளைத் தாளுக்கு வலிக்காமல் கழற்றுவது எனக்குப் பிடிக்கும். பழைய விடுப்புக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக இருந்தன. ஒரு மாணவனுக்கு ஒரே ஆண்டில் மூன்று முறை மாமா இறந்திருந்தார். அதே மாணவர் நரைத்த தலையோடு பேட்டிக்கு வந்தபோது மூன்று கடிதங்களையும் மேஜையில் வரிசையாக வைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். மாமா இன்னும் நன்றாக இருக்கிறாராம். மறுவாரம் மாமாவையே கூட்டிக்கொண்டு வந்தார். மாமாவும் நம் பள்ளிதான்.

நீங்களும் நம் பள்ளிதான். கூடைப்பந்து அணியின் படத்தில், முன்வரிசையில், முழங்காலில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். கதவைத் திறந்து நீங்கள் உள்ளே வந்ததுமே தெரிந்துவிட்டது. உங்களையும் பேட்டி எடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். கூப்பிடத் தைரியம் வரவில்லை.

உங்கள் இன்னொரு போன் அடிக்கிறது. இந்தப் போனில் பதிவு, அந்தப் போனில் பேச்சு என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் சத்தத்தை அணைத்துவிடுங்கள். பின்னால் கேட்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

இப்போது கொசுறு. பெயர் உங்களிடம் இருக்கிறது. பள்ளியில் எல்லோருக்கும் அவள் கொசுறுதான். ஆறாம் வகுப்பில் சேர்க்கை முடிந்த பிறகு கடைசியாக வந்து சேர்ந்தவள், உருவத்திலும் நாலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. காய்கறி வாங்கினால் மேலே போடுகிற கறிவேப்பிலை மாதிரி என்னை வகுப்பில் போட்டார்கள் என்று அவளே சொல்வாள். அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தம் கிடையாது. பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் பெட்டி அக்கா. எனக்கும் வருத்தம் கிடையாது.

ஒரு நாள் இடைவேளையில் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். நான் பெயர் தெரியாத ஒரு குழுப்படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, இது எங்க கிளாஸ் குண்டுமணியோட மூக்கு,” என்றாள்.

அவள் காட்டிய பையன் அறுபது ஆண்டுக்கு முந்தையவன். விசாரித்தேன். குண்டுமணியின் அப்பாவுக்குப் பெரியப்பா. அதன் பிறகு கொசுறு தினமும் வந்தாள். காது, நெற்றி, நிற்கிற விதம் எல்லாவற்றையும் வைத்து யார் வீட்டைச் சேர்ந்தவர் என்று சொல்லிவிடுவாள். பத்தில் எட்டு சரியாக இருக்கும். இரண்டு தப்பாக இருந்தால், “அவங்க மறைச்சிருப்பாங்க அக்கா, நல்லா விசாரிங்க,” என்பாள். எனக்குப் பேசாமல் சிரிக்கத் தெரியும். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரு சின்னத் தகராறு மட்டும் உண்டு. என் அறைக்குள் தண்ணீர் கூடாது. காகிதத்துக்கு நெருப்பைவிடப் பெரிய எதிரி தண்ணீர். கதவுக்கு வெளியே ஒரு முக்காலி போட்டிருந்தேன், வருகிறவர்கள் பாட்டிலை அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். என் பாட்டிலும் அங்கேதான் இருக்கும். கொசுறு இரண்டு முறை பாட்டிலை வைத்தாள். இரண்டு முறையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதை வைத்துத் தாழ்வாரத்தில் பந்து விளையாடிவிட்டார்கள். அதற்குப் பிறகு பாட்டில் கொண்டுவருவதையே விட்டுவிட்டாள். கீழே எவர்சில்வர் டிரம் இருக்கிறதே, போகும்போது குடித்துக்கொள்வேன் என்றாள்.

அடுத்தது பெரிய டீச்சர். தலைமை ஆசிரியை என்று யாரும் சொல்வதில்லை. அவர் வருவதற்கு முன்னால் அவருடைய சிரிப்பு வந்துவிடும். அவர் பொறுப்பேற்றபோது பள்ளியில் பிள்ளைகளைவிடப் பெஞ்சுகள் அதிகம். வீடு வீடாகப் போய், சந்தையில் நின்று, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களைக்கூட விடாமல் பேசிப் பிள்ளைகளைச் சேர்த்தார். நான் வேலைக்கு வந்த முதல் ஆண்டில் காலி அறைகள் இருந்தன. மூன்றாம் ஆண்டில் ஒன்றுகூட இல்லை. ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் ஒரே கூடத்தில், நடுவில் ஒரு தட்டி. இந்தப் பக்கம் கேள்வி கேட்டால் அந்தப் பக்கமிருந்து விடை வரும். ஏழாம் வகுப்புக்கு ஆறாம் வகுப்புக் கணக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்தது அந்த ஆண்டில்தான்.

ஒரு மத்தியானம் பெரிய டீச்சர் மாடிக்கு வந்தார். சிரிப்பு முன்னால் வரவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“உன் அறையைத்தான் கேக்கப் போறேன்மா. திட்டணும்னா திட்டிக்கோ,” என்றார்.

எனக்குத் திட்டத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். மாடிப்படிக்குக் கீழே நல்ல இடம் இருக்கிறது, கதவு போட்டுத் தருகிறேன், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் காகிதம் எங்கே இருந்தால் என்ன என்று அவர்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அலமாரியைக் காட்டி, “இந்தப் பாட்டிலையெல்லாம் முதல்ல வெளியேத்தணும். பிள்ளைங்க உக்கார்ற இடத்துல இதெல்லாம் எதுக்கு, ஆபத்து,” என்றார்.

என் முகத்தைப் பார்த்துத் தோளில் கைவைத்தார்.

“போன நூறு வருஷத்துப் பிள்ளைங்க கொஞ்சம் நகந்து உக்காரட்டும்மா. இந்த வருஷத்துப் பிள்ளைங்களுக்கு உக்கார இடமில்ல.”

மாடிப்படிக்குக் கீழே ஈரப்பதமானியை ஒரு நாள் வைத்துப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கழிப்பறை. முள் கடைசிக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது. அங்கே வைத்தால் மூன்று மழைக்காலத்தில் எல்லாம் கூழாகிவிடும். மூன்று மாமா சாவுகளும், கூடைப்பந்து அணியும், குண்டுமணியின் மூக்கும்.

வீட்டில் நிதானமாக யோசித்தேன். இப்போது படிக்கிற பிள்ளைகள் எப்படியும் ஐந்தாறு ஆண்டில் போய்விடுவார்கள். அவர்கள் பள்ளியைக் கடந்து போகிறவர்கள். படங்களில் இருப்பவர்கள்தான் நிரந்தரமாக இருப்பவர்கள். இருப்பவர்களை எழுப்பிவிட்டுக் கடந்து போகிறவர்களை உட்கார வைப்பது எந்த வீட்டிலும் வழக்கமில்லை. ஒரு வகுப்புக்கு ஆகிற அளவு பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போனால் போதும், அறை தப்பிவிடும். எனக்கு யார்மீதும் கோபம் இல்லை. இடம் பற்றாத சமன்பாடு, அவ்வளவுதான்.

பள்ளியின் தண்ணீரை எடுத்துக்கொண்டு சோதனைச்சாலைக்குப் போவது என் பொறுப்பு. வேதியியல் படித்தவள் என்பதால் கொடுத்த வேலை. அந்தமுறை சோதனைக்கு எடுத்த தண்ணீரில் கொஞ்சம் சாக்கடைத் தண்ணீர் சேர்த்தேன். முடிவு மோசமாக வந்தது. செய்தி பரவும், பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று நினைத்தேன். யாருக்கும் ஒரு தும்மல்கூட வராத வழி அது.

பெரிய டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? பெற்றோர் எல்லோரையும் மைதானத்துக்குக் கூப்பிட்டு, அந்த அறிக்கையை ஒரு வரி விடாமல் தானே படித்தார். இது எங்கள் தப்பு, இதை இப்படிச் சரிசெய்யப் போகிறோம் என்றார். வடிகட்டும் இயந்திரம் வந்தது, புது எவர்சில்வர் டிரம் வந்தது. தப்பைத் தானே ஒத்துக்கொள்கிற பள்ளிக்கூடம் வேறு எங்கே இருக்கிறது என்று பெற்றோர்கள் பேசிக்கொண்டார்கள். அடுத்த சேர்க்கைக்கு வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. பக்கத்துத் தையல் கடைக்காரர், கடைக்குள் வர வழி விடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். என்னை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

ஆனால் அதில் ஒரு பாடம் இருந்தது. பொய்யான முடிவு அடுத்த சோதனையில் அழிந்துபோகும். உண்மையான முடிவுதான் நிற்கும். கல்லூரியில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்தார்கள், எனக்குத்தான் மறந்துவிட்டது.

மறுபடி அந்தப் போன். அதிர்வும் வேண்டாம் மேடம், மேஜை நடுங்குகிறது.

பாட்டிலுக்கு வந்துவிட்டோம். அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தேன். இந்த இடம் மட்டும் எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது. அதன் மூடிமேல் மெழுகு வைத்து முத்திரை இட்டிருந்தார்கள். மெழுகு ஆறுவதற்கு முன்னால் முதல் அறிவியல் ஆசிரியர் கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறார். அவருடைய ரேகை அதில் அப்படியே இருந்தது. அவருடைய படம் ஒன்றுகூட நம்மிடம் கிடையாது, அந்த விரல் மட்டும்தான். ரேகை உடையாமல் திறக்க எவ்வளவோ பார்த்தேன். ஓரத்தில் கீறல் விழுந்துவிட்டது. ஒரு பொருளைப் பாதுகாக்க இன்னொரு பொருளைச் சேதப்படுத்தக் கூடாது. அது என் தவறு. மறைக்கவில்லை.

மற்றதெல்லாம் கணக்கு. பிள்ளைகளின் எடை பார்த்த அட்டைகள் என்னிடம்தான் இருந்தன. சராசரி எடுத்தேன். டிரம்மில் எவ்வளவு தண்ணீர், ஒருவர் எவ்வளவு குடிப்பார் என்று பார்த்தேன். ஒரு பிற்பகல் வயிற்றுவலி, இரண்டு நாள் சோர்வு, அதற்குமேல் போகாத அளவு. ஒரு வாரம் பள்ளி மூடும். சிலர் திரும்பி வரமாட்டார்கள். நேற்றுக் காலையில் வடிகட்டும் இயந்திரத்திலிருந்து டிரம் நிறைந்ததும் மூடியைத் திறந்து பாட்டிலில் இருந்ததைப் போட்டேன். வாட்ச்மேன் அண்ணன் பார்த்தார். சோதனைக்கா என்று கேட்டார். தலையாட்டினேன். அதுவும் பொய்யில்லை.

அன்று வெயில் அதிகம். விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி வேறு. பிள்ளைகள் நிறையக் குடித்தார்கள். மத்தியான இடைவேளை முழுவதும் கொசுறு என்னோடு இருந்தாள். ஆண்டு தெரியாத ஒரு படத்தில் நடுவரிசைப் பெண் ஒருத்தியைக் கண்டுபிடித்திருந்தாள், அதை விட்டுக் கீழே போக மனசில்லை. மணி அடித்ததும் எழுந்தாள்.

“தொண்டை காஞ்சுபோச்சு அக்கா. தண்ணி குடிச்சிட்டுத்தான் கிளாஸுக்குப் போவேன். லேட்டுன்னு டீச்சர் கேட்டா நீங்கதான் காரணம்னு சொல்லிடுவேன்.”

“சொல்லு,” என்றேன்.

என் பாட்டில் வெளியே முக்காலியில் இருந்ததே, அதைக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கொடுத்திருக்கலாம். அவள் அதைத் தாண்டித்தான் போனாள். ஆனால் இத்தனை நாள் கொடுக்காதவள் இன்றைக்கு மட்டும் ஏன் கொடுக்கிறாள் என்று அவள் யோசிப்பாள், யோசிக்கிற பிள்ளை அது. அதோடு ஒருவருக்கு மட்டும் தனியாகச் செய்தால் அது சோதனை ஆகாது. எல்லோருக்கும் ஒரே நிபந்தனை இருக்க வேண்டும்.

நான் எதிர்பார்க்காதது ஒன்றுதான். அது பழைய சரக்கு, கட்டியாகியிருந்தது. முழுவதும் கரையாமல் அடியில் தங்கியிருக்கிறது. முதலில் குடித்தவர்களுக்குக் குறைவாகவும் கடைசியில் குடித்தவருக்கு நிறையவும் போயிருக்கிறது. கடைசியில் குடித்தது அவள். எடையிலும் அவள்தான் கடைசி. என் கணக்கில் பிழை இல்லை, மேடம். எல்லோரையும் கூட்டி வகுத்துப் பாருங்கள், இப்போதும் சரியாக வரும். மற்ற பிள்ளைகள் எல்லோரும் இன்று காலையே வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று நீங்களே சொன்னீர்கள்.

முதல் பிள்ளை வாந்தி எடுத்ததுமே பெரிய டீச்சர், “முதல்ல அந்த டிரம்மைக் கழுவிக் கவுத்துங்க, வேற யாரும் குடிச்சிடப் போறாங்க,” என்று கத்தினார். வாட்ச்மேன் அண்ணன் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அதனால்தான் உங்களுக்குச் சோதிக்க ஒரு சொட்டுகூடக் கிடைக்கவில்லை. அதனால்தான் பெரிய டீச்சர் இப்போது பக்கத்து அறையில் இருக்கிறார். வரும்போது பார்த்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைச் சிரிக்காமல் நான் பார்த்தது இரண்டாவது தடவை. என்னைப் பார்த்ததும், “நீ எதுக்கும்மா இங்க வந்தே, பயந்துடுவியே, வீட்டுக்குப் போ,” என்றார்.

நான் வந்தது அவருக்காகத்தான். இன்று காலை அக்கா செய்தியைச் சத்தமாகப் படித்தாள். பள்ளியின் தலைமை ஆசிரியையே தடயத்தை அழித்தார் என்று போட்டிருந்தது. தேநீர்க் கோப்பை என் கையில் அப்படியே நின்றுவிட்டது. அத்தான்கூட, “என்ன, இன்னைக்கு முகமே பேசுது,” என்றார். யோசித்துப் பாருங்கள். ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் வந்து இந்தப் பள்ளியின் கதையைத் தேடுவார். செத்துக்கொண்டிருந்த பள்ளியைத் தூக்கி நிறுத்தியவரே பிள்ளைகளுக்கு நஞ்சு வைத்தார் என்று அவருக்குக் கிடைக்கும். அது தகவல் பிழை. நான் உயிரோடு இருக்கும்போது என் பள்ளியின் வரலாற்றில் அப்படி ஒரு பிழை இருக்கக் கூடாது. ரொட்டியைச் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கிளம்பி வந்தேன்.

ஆமாம், நான்தான் போட்டேன். தனியாக. யாரும் சொல்லவில்லை, யாருக்கும் தெரியாது. இந்த வாக்கியத்தைப் பதிவில் தெளிவாகக் கேட்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தவுடனேயே பாட்டிலில் என்ன என்று சொல்லியிருந்தால் இவ்வளவு நேரம் போயிருக்காதே என்று உங்கள் முகம் சொல்கிறது. சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் அந்த நொடியே எழுந்து ஓடியிருப்பீர்கள். மற்றது எதுவும் பதிவாகியிருக்காது. பெரிய டீச்சர் மைதானத்தில் அறிக்கை படித்ததும், தெருவரைக்கும் நின்ற வரிசையும் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். ஜன்னலை ஒட்டிய அலமாரி, இரண்டாவது தட்டு, இடது ஓரம். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்திருக்கிறேன். லேபிளில் முன்பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. முழுப்பெயரை நான் சொல்கிறேன், நீங்கள் ஒரு முறை திருப்பிச் சொல்லுங்கள்.

சரியாகச் சொன்னீர்கள். டாக்டரிடம் இதே மாதிரி சொல்லுங்கள். பாட்டிலை எடுக்கிறவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். மெழுகில் அந்த ரேகை இருக்கிறது, வியர்வைக் கை பட்டால் போய்விடும். அறைக் கதவுக்கு நீங்கள் வைக்கப்போகிற பூட்டையும் முத்திரையையும் உடனே எடுத்துவிடாதீர்கள். இப்போதைக்கு அந்த அறையை யாரும் கேட்கமாட்டார்கள். பள்ளி முழுவதுமே அமைதியாக இருக்கிறது. எதுவும் நகரவில்லை.

போவதற்கு முன்னால் ஒன்று, மேடம். கொசுறுவுக்கு ஒரு வாய் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை, ஆனால் நினைவு இருக்கிறது, மெல்லப் பேசுகிறாள் என்றீர்கள். அந்தப் படத்தில் நடுவரிசைப் பெண் யார் என்று அவள் என்னிடம் சொல்லாமலே போய்விட்டாள், மணி அடித்துவிட்டது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். என் பதிவுக்கருவி அந்த அறையில் மேஜையின் இழுப்பறையில் இருக்கிறது, பேட்டரி புதிது. யாரையாவது இன்றைக்கே அனுப்புங்கள், நாளைக்கு என்று வைக்க வேண்டாம். நான் கேட்கச் சொன்னதாகச் சொன்னால் சந்தோஷப்படுவாள். நேராகப் படத்தைக் காட்டிவிட வேண்டாம், புது ஆள் என்றால் கூச்சப்படுவாள். முதலில், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கச் சொல்லுங்கள்.